சீர்ப் பெட்டியில் ஒன்பதாவது பொருள்

1

எல்லாவற்றுக்கும் காரணம் எட்டு என்று வந்ததுதான். ஏழு என்று வந்திருந்தால் நான் பாட்டுக்குப் பெட்டியை ஒட்டிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போயிருப்பேன். எண்ணிப் பார்த்தது என் தலையெழுத்து.

நாங்கள் இருப்பது அயர்லாந்தில், கடலை ஒட்டிய ஒரு சின்ன ஊரில். மனைவி வசந்தி ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் மீனும் இறைச்சியும் அடுக்கி வைக்கிற குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கிறேன். பேராவூரணிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பு புயலில் மொத்தமாகச் சாய்ந்த வருஷம் புறப்பட்டு வந்தவர்கள். ஒரே மகள் கயல்விழி. வயது பதினைந்து. பள்ளிக்கூடத்தில் அவளை "கேய்" என்று கூப்பிடுகிறார்கள். வீட்டில் நான் முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டால் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொள்கிறாள்.

என் தங்கை செல்விக்கு ஆவணியில் கல்யாணம் ஆனது. வந்தது தலைப்பொங்கல். அப்பா இல்லாத வீட்டில் சீர் செய்ய வேண்டியது அண்ணன்காரன். பித்தளைப் பானை, பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து எல்லாம் ஊரில் அம்மா பார்த்துக்கொள்வாள். வெளிநாட்டுச் சாமான் என் பொறுப்பு. மாப்பிள்ளைக்குக் கடிகாரம், சட்டை, செண்ட். செல்விக்குக் கைப்பை, முகத்துக்குப் பூசுகிற கிரீம். அவள் மாமனாருக்குக் கம்பளிச் சால்வை, மாமியாருக்கு ஃபிளாஸ்க். கூடவே ஒரு பெரிய டார்ச் லைட்.

அடுக்கிக்கொண்டிருக்கும்போதே அம்மா போனில் வந்தாள்.

"எத்தன உருப்படிடா?"

"எட்டும்மா."

"எட்டா! சீருக்கு எவனாச்சும் ரெட்டப்படைல வைப்பானா? அவங்க வீட்ல தட்டு தட்டா பரப்பி வச்சு ஊரக் கூப்ட்டுக் காட்டுவாங்கடா. ஒண்ணு கூட்டு."

வாசலில் சாகுல் பாய் ஹார்ன் அடித்தார். அதிராம்பட்டினத்துக்காரர். இங்கே மளிகைக் கடை வைத்திருக்கிறார். அவர் திருச்சிக்கு விமானம் ஏறினால் நாலு குடும்பத்துச் சாமான் அவர் பெட்டியில் ஏறும். கூட்டு என்றால் எதைக் கூட்டுவது? சாப்பாட்டு மேஜையில் சிவப்புக் காகிதம் சுற்றி, தங்க நிற ரிப்பன் கட்டி ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரியில் சாக்லேட் டப்பா கொடுத்தார்கள் என்று வசந்தி சொல்லியிருந்தாள், அதுதான் இது என்று நினைத்தேன். எடுத்து உள்ளே வைத்தேன். ஒன்பது. டேப் ஒட்டினேன். பாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? கடமையை முடித்த மனுஷன் மாதிரி டீ குடித்தேன்.

2

மறுநாள் சாயங்காலம் கயல் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். குனிந்து அடியில் பார்த்தாள்.

"அப்பா, என் புக் எங்க? ரெட் பேப்பர்ல சுத்தியிருந்துச்சே."

"அது சாக்லேட்டுல்ல?"

"சாக்லேட்டு ஃபிரிட்ஜ் மேல இருக்கு. இது லைப்ரரில குடுத்தது."

விஷயம் இதுதான். இங்கே ஊர் நூலகத்தில் வருஷக் கடைசி விடுமுறையில் பிள்ளைகளுக்கு இலவசப் புத்தகம் தருவார்கள். பட்டியலில் பிடித்த புத்தகத்தைக் குறித்துப் பெயரை எழுதிப் போட்டால், குலுக்கலில் வந்தவர்களுக்கு அழகாகக் காகிதம் சுற்றிக் கொடுப்பார்கள். இந்த வருஷம் கயல் பெயர் வந்திருக்கிறது. அதை எங்களிடம் அவள் சொல்லவில்லை.

"போனாப் போவுது, வேற வாங்கித் தர்றேன். என்ன புத்தகம்?" என்றேன்.

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். முத்தத்தின் அறிவியல். மனிதர்கள் ஏன் முத்தம் கொடுத்துக்கொள்கிறார்கள், அப்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது, மிருகங்கள், பறவைகள் கொடுத்துக்கொள்கின்றனவா, இப்படி.

எனக்கு ஒரே நேரத்தில் இரண்டு பயம். இந்தப் பெண்ணுக்கு இந்த வயதில் இது எதற்கு, யாராவது பையன் இருக்கிறானா என்பது ஒன்று. அடுத்தது அதைவிடப் பெரிது. அண்ணன் தங்கைக்குத் தலைப்பொங்கல் சீராக முத்தப் புத்தகம் அனுப்பியிருக்கிறான். அதை அவள் மாமியார் வீட்டில் தட்டில் வைத்து ஊருக்குக் காட்டப்போகிறார்கள்.

இதில் என்ன இருக்கிறது என்று இந்த ஊர்க்காரனிடம் கேட்டால் சிரிப்பான். நம் ஊரில் இருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தங்கை வயசுக்கு வந்த பிறகு அவள் உட்கார்ந்த பாயில் அண்ணன் உட்கார மாட்டான். மாப்பிள்ளை எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்றுகூட நேராகக் கேட்க முடியாது. "சாப்ட்டியா, மழை உண்டா" என்று சுற்றி வளைத்துத்தான் கேட்போம்.

வசந்தி தலையில் அடித்துக்கொண்டாள். "நீங்க தொட்டது எதுங்க வெளங்கிச்சு? பிரிச்சுப் பாத்து வைக்க மாட்டீங்களா?"

நான் அந்தக் கோபத்தை மகள் மேல் திருப்பினேன். "படிக்கிற புள்ளைக்கு எதுக்கு இந்த மாதிரி புத்தகம்?"

"சயின்ஸ் புக்ப்பா அது! நான் என்ன படிக்கிறேன்னு எப்பவாச்சும் கேட்டிருக்கீங்களா?" என்று கத்தினாள். பிறகு குரல் இறங்கியது. "என் ஃப்ரெண்ட்ஸ் வீட்ல ஸ்கூலுக்குப் போறப்ப டெய்லி அப்பா கிஸ் குடுத்து அனுப்புறாங்க. நம்ம வீட்ல யாருமே யாருக்கும் குடுக்க மாட்டேங்கறீங்க. நீங்க குடுத்தே ரொம்ப வருஷமாச்சு. ஏன்னு தெரிஞ்சுக்கலாம்னுதான் கேட்டு வாங்கினேன்."

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் பெரிய மனுஷி ஆன நாளிலிருந்து நான் அவள் கையைக்கூடப் பிடித்ததில்லை. அதுதான் முறை என்று இருந்தேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, எங்கள் வீட்டில் அப்படித்தான். முத்தம் என்று எனக்கு ஞாபகம் இருப்பது ஒன்றே ஒன்று. முதல்முதலாகப் புறப்பட்ட அன்று திருச்சி விமான நிலைய வாசலில் அம்மா என் தலையை இழுத்துக் குனிய வைத்து உச்சி மோந்தாள். அத்தனை பேர் எதிரில் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

3

செல்வியின் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. விசாவைப் புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் குடியேற்ற அலுவலகத்தில் மாட்டிக்கொண்டது. தங்கை கல்யாணம் என்று கெஞ்சி எழுதினேன். "உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது, பொறுமைக்கு நன்றி" என்று மெஷின் பதில் போட்டது. இரண்டாவது முறை எழுதினேன். அதே மெஷின், அதே நன்றி. தாலி கட்டுவதைக் கிடங்கின் ஓய்வறையில் கையுறையைக் கழற்றாமல் போனில் பார்த்தேன். மாப்பிள்ளை முகத்தைக்கூட மாலை மறைத்தது.

அதனால் மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. கோடியக்கரைக்குப் பக்கத்தில் வீடு, கொஞ்சம் நிலம், குத்தகைக்கு உப்பளம், அதைப் பார்த்துக்கொள்கிறார், அதிகம் பேச மாட்டார். இவ்வளவுதான் தெரியும். ஆனால் அவர் அப்பாவைப் பற்றி ஊர் முழுக்கத் தெரியும். கல்யாண மண்டபத்தில் போட்டோக்காரர் "மாப்ள, பொண்ணு தோள்ல கை போடுங்க" என்று சொல்ல, "இது கல்யாணமா, சினிமாவா? கேமராவ மூட்டை கட்டு" என்று அவரை மேடையிலிருந்து இறக்கிவிட்டவர். அந்த ஆள் கையில் இந்தப் புத்தகம் போனால்? "அண்ணன்காரன் அனுப்புன லட்சணத்தப் பாரு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். செல்விக்கு அந்த வீட்டில் ஆயுசுக்கும் அது போதும்.

பாய்க்குப் போன் போட்டேன். அன்று காலையில்தான் ஊர் போய்ச் சேர்ந்திருந்தார்.

"பாய், அந்தப் பெட்டில செவப்புக் காகிதம் சுத்துன ஒரு சாமான் இருக்கு. அத மட்டும் எடுத்து வச்சுக்கிட்டு மிச்சத்தக் குடுத்துருங்க."

"ஏன் தம்பி? என்னது அது?" அவர் குரல் மாறியது.

"ஒண்ணுமில்ல பாய்."

"ஒண்ணுமில்லாததுக்கா இப்படிப் பதறுறீங்க? யா அல்லா! ஏர்போர்ட்ல அத்தன செக்கிங் தாண்டி என் பேர்ல கொண்டாந்திருக்கேன். தம்பி, அல்லாவுக்காக உண்மையச் சொல்லுங்க. எசகு பிசகா எதுவும் இல்லியே?"

"புத்தகம் பாய்! வெறும் புத்தகம்!"

"புத்தகத்துக்கா இந்தப் பயம்?" என்றார். நம்பவில்லை என்பது தெரிந்தது. "பெட்டிய என் மகன் காலையிலயே பேராவூரணில உங்கம்மா கையில குடுத்துட்டான். அடுத்தவன் வீட்டுச் சீர நாங்க பிரிக்கவும் மாட்டோம்." போனை வைக்குமுன் இன்னொரு தடவை அல்லாவைக் கூப்பிட்டார்.

அடுத்து அம்மா. "அம்மா, பெட்டியப் பிரிச்சு அந்தச் செவப்புக் காகிதம் சுத்தினத எடுத்துரும்மா."

"நல்லாருக்குடா நீ சொல்றது! சாமி முன்னாடி வச்சு மஞ்சத்துணி கட்டி முடிஞ்சிருச்சு. கட்டுன சீரப் பிரிப்பாங்களா? அதுவும் ஒண்ண எடுத்தா மறுபடி எட்டாயிரும்ல?"

"எட்டே இருக்கட்டும்மா!"

"வாயக் கழுவு. தலைப்பொங்கல் அதுவுமா." பிறகு சந்தேகமாகக் கேட்டாள். "ஏன்டா, அதுல என்ன இருக்கு?"

நான் என்ன சொல்ல? பெற்ற தாயிடம் அந்த வார்த்தையை எப்படி வாயால் சொல்வது? "சாக்லேட்டு பழசாயிருக்குமோன்னு..." என்று இழுத்தேன். வெளிநாட்டுச் சாக்லேட்டு கெட்டா போகும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். விடிந்ததும் சித்தப்பா வேனில் கரும்புக்கட்டோடு அந்தப் பெட்டியும் கிழக்கே போய்விட்டது.

செல்விக்கே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவள் போன் அந்த வீட்டுக் கூடத்தில் ஜன்னல் மேல் இருக்கும். மணி அடித்தால் யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் எடுப்பார்கள், ஸ்பீக்கரில் போடுவார்கள். மெசேஜ் வந்தாலும் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கச் சொல்வார். வசந்தி இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தாள். இரண்டு முறையும் மாமனார்தான் எடுத்தார். "சீரு வந்துருச்சும்மா. வர்ற வெள்ளிக்கிழமை நல்ல நேரத்துல பிரிக்கிறோம். தம்பிய வீடியோல வரச் சொல்லுங்க. அவரு அனுப்புனத அவரு கண்ணால பாக்கணும்ல" என்றார்.

வெள்ளிக்கிழமை வரை நான் சாப்பிட்டது என் உடம்பில் ஒட்டவில்லை. கிடங்கில் கோழிப் பெட்டியை மீன் அலமாரியில் அடுக்கி மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார். என் தங்கை வாழாவெட்டியாக வந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது என்பதை அவர் பாஷையில் எப்படிச் சொல்வது? தலைவலி என்றேன்.

4

இங்கே இன்னும் இருட்டு. அங்கே நல்ல வெயில். வீடியோவில் அந்த வீட்டுக் கூடம் தெரிந்தது. போனை எதன் மேலோ சாய்த்து வைத்திருந்தார்கள். தரையில் தட்டுகள். சுற்றிலும் அக்கம்பக்கத்துப் பெண்கள். செல்வி பட்டுப்புடவையில் தூண் பக்கம் நின்றாள். மாப்பிள்ளை கடைசியில், சுவரோரம், கையைக் கட்டிக்கொண்டு. எனக்கு இந்தப் பக்கம் வசந்தி, அந்தப் பக்கம் பள்ளி உடையில் கயல்.

மாமனார் ஒவ்வொன்றாக எடுத்துத் தூக்கிக் காட்டினார். கடிகாரம். சட்டை. சால்வையைத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டார். டார்ச் லைட்டை அடித்துப் பகலிலேயே கூரையைப் பார்த்தார். எல்லோரும் "ஆகா" என்றார்கள். கடைசியாகச் சிவப்புக் காகிதம்.

"மாமா, அத அப்புறம் பிரிச்சுக்கலாமே, சும்மா இனிப்புதான்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இருக்கட்டும் தம்பி, எல்லாத்தையும் காட்டிப்புடுவோம்." கிழித்தார்.

அட்டையில் பறவைகள். ரோஸ் நிறத்தில் இரண்டு, அலகோடு அலகு வைத்து நின்றன. மாமனார் புத்தகத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார்.

"அடடே! இது நம்ம பூநாரைல்ல?" என்றார். "இந்தா பாருங்கடி, நம்ம கோடியக்கரைக்கு வருமே, அதேதான்!" பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "ஆமா, அதேதான்" என்றார்கள். "என்ன போட்டிருக்கான்? எஸ்... சி... சயின்ஸ். சயின்ஸ் ஆஃப்... அடுத்தது கொக்கி கொக்கியா எழுதியிருக்கான். கண்ணாடிய எடும்மா செல்வி."

செல்வி நகரவில்லை. அவள் நின்ற இடத்திலிருந்து அட்டை நேராகத் தெரிந்தது. டிகிரி படித்தவள். படித்துவிட்டாள். கை தானாக வாய்க்குப் போனது. "கண்ணாடி எங்க..." என்று இல்லாத இடத்தில் தேட ஆரம்பித்தாள். வசந்தி என் முழங்கையை நகம் பதியப் பிடித்தாள். கயல் கண்ணை மூடிக்கொண்டாள்.

"விடு. டேய், நீ படி" என்று மாமனார் புத்தகத்தை மகனிடம் நீட்டினார்.

மாப்பிள்ளை வாங்கினார். அட்டையைப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. உள்ளே ஒரு பக்கத்தைப் புரட்டினார், மூடினார். பிறகு நிமிர்ந்து நேராகப் போனுக்குள் என்னைப் பார்த்தார். கல்யாணம் ஆன பிறகு நாங்கள் இருவரும் முகத்துக்கு முகம் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"பறவைங்க குஞ்சுக்கு எப்படி வாய்க்கு வாய் எரை ஊட்டுதுன்னு ஆராய்ச்சிப்பா" என்றார் நிதானமாக. "சயின்ஸ்தான். பெரிய படிப்புப் படிச்சவங்க எழுதுனது. நமக்கெல்லாம் புரியாது."

"பாத்தீங்களா!" மாமனார் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "எங்கயோ பனில கெடக்குற மனுசன், நம்ம ஊருப் பறவைய ஞாபகம் வச்சுத் தேடி அனுப்பியிருக்காரு. தம்பி, கல்யாணத்துக்கு வரலையேன்னு எனக்கு ஒரு மனக்கொற இருந்துச்சு. இன்னியோட அது போச்சு. செல்வி, அதுல சந்தனம் தொட்டு வையிம்மா."

செல்வி சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். இரண்டு பூநாரைகளின் தலையிலும் பொட்டு வைத்தாள். கை நடுங்கியது. அது பயமில்லை, சிரிப்பு. உதட்டைக் கடித்துக்கொண்டு ஓரக்கண்ணால் மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் அப்பா பார்க்காத நேரம் பார்த்துப் புருவத்தை ஒரு தூக்குத் தூக்கினார். அவ்வளவுதான். அவள் முகம் சிவந்து குனிந்துகொண்டாள்.

ஐந்து மாதமாக நான் போனில் சுற்றி வளைத்துக் கேட்டும் தெரியாத சங்கதி அந்தப் புருவத்தில் தெரிந்துவிட்டது. என் தங்கை நன்றாக இருக்கிறாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்த மாமனார், ஊர் ஞாபகம் என்று நினைத்து, "அழாதீங்க தம்பி, அடுத்த பொங்கலுக்கு வந்துருங்க" என்று தேற்றினார்.

5

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையிடமிருந்து ஒரு மெசேஜ். "மச்சான், உள்ள கயல்விழின்னு பேர் எழுதி லைப்ரரி சீல் இருக்கு. பாப்பாவோட புத்தகம் மாறி வந்துருச்சுன்னு புரிஞ்சுது. இங்க எதுவும் யோசிக்காதீங்க. நாங்க படிச்சிட்டு பத்திரமா அனுப்புறோம்."

'நாங்க' என்று போட்டிருந்ததை வசந்தி விரல் வைத்துக் காட்டினாள். நான் பார்க்காதது மாதிரி இருந்துகொண்டேன். அண்ணன் அல்லவா?

கயலிடம் படித்துக் காட்டினேன். சிரி சிரி என்று சிரித்தாள். "மாமா பொய் சொல்லல தெரியுமா? அம்மா மென்னு குழந்தைக்கு ஊட்டுனதுல இருந்துதான் கிஸ் வந்திருக்கும்னு சில பேர் நெனைக்கிறாங்க. லைப்ரரி லிஸ்ட்லயே போட்டிருந்துச்சு." பிறகு பையை மாட்டிக்கொண்டே கேட்டாள். "இப்போ பயம் போயிடுச்சாப்பா?"

"அங்க இருந்தது போயிருச்சு" என்றேன்.

இங்கே இருப்பது போகவில்லை. நாளைக்கே இவள் யார் வீட்டுக்குப் போவாள், யார் கையைப் பிடிப்பாள், அப்போது என்னிடம் வந்து சொல்வாளா, சொன்னால் எனக்கு அந்தப் பாஷை புரியுமா? என் அம்மாவிடம் நான் ஒரு புத்தகத்தின் பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை. இவளாவது தரையைப் பார்த்துக்கொண்டே என்றாலும் சொல்லிவிட்டாள். அதையும் நான் கத்திக் கெடுக்கப் பார்த்தேன்.

வெளியே பள்ளிப் பேருந்தின் வெளிச்சம் தெரிந்தது. கயல் கதவைத் திறந்தாள். குளிர் உள்ளே வந்தது.

"இங்க வா" என்றேன். வந்தாள். அவள் என் தோள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டதை அப்போதுதான் பார்த்தேன். வீடியோவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததைவிட எனக்குப் படபடப்பாக இருந்தது. இரண்டு கையாலும் அவள் தலையைப் பிடித்துக் குனிய வைத்து உச்சியில் மூக்கை வைத்து மோந்தேன். தேங்காயெண்ணெய் வாசனை இல்லை, ஏதோ ஷாம்பு. பரவாயில்லை, தலை அதே தலைதான்.

அவள் மெதுவாக நிமிர்ந்து, "என்னப்பா இது?" என்றாள்.

"எங்க ஊரு முத்தம்" என்றேன். "உன் புத்தகத்துல இது இருக்கான்னு மாமாவப் பாத்துச் சொல்லச் சொல்லு."